ஒரு தையலில் பல கோலங்கள்

(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கென வட்டாரத் தலைமையிடத்தில் நடைபெற்ற கைத்தையல் பயிற்சியின் நிறைவு நாளன்று, வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முப்பது நாட்களாக ஊசியும் நூலுமாக நீங்கள் அமர்ந்திருந்த இக்கூடத்தில், இறுதி நாளன்று சில சொற்கள் கூறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதற்கு மகிழ்ச்சி அடைகிறேன். சான்றிதழ் வழங்கும் நாளில் அலுவலர் எதைப் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். திட்டத்தின் பெயரைச் சொல்வார்; ஒதுக்கீடு செய்யப்பட்ட தொகையைச் சொல்வார்; அனைவரையும் வாழ்த்துவார்; தேநீருடன் கூட்டம் கலையும். இன்று அவ்வழக்கத்தினின்று சற்று விலக உங்கள் அனுமதியைக் கோருகிறேன். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஊசி துணிக்குள் புகுந்து, சிறிது தூரம் தள்ளி எழுந்து, மீண்டும் புகும் அந்த ஓட்டுத் தையலே அது. தையற்காரர்கள் அதனை 'ரன்னிங்' என்பார்கள்.

இப்பயிற்சியில் முதல் பத்து நாட்களும் உங்களுக்கு இத்தையல் ஒன்றையே கற்பித்தார்கள். "இதைச் சொல்லித் தர ஓர் ஆசிரியை வேண்டுமா? இது எங்கள் வீட்டுச் சிறுமிக்கும் தெரியுமே!" என்று உங்களுள் சிலர் முதல் நாளே கேட்டதாக முக்கிய சேவிகா என்னிடம் கூறினார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவது என் கடமை. ஏனெனில் அவ்வாறு ஏற்பாடு செய்யச் சொன்னவள் நானே. அதற்குக் காரணம், நான் முன்பு செய்த ஒரு பிழை.

இரும்புப் பெட்டியில் உறங்கிய மாதிரிகள்

நான் பள்ளியில் படித்த காலத்தில் வாரம் இரு முறை தையல் வகுப்பு உண்டு. ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், காஜாத் தையல் என ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுத் துணியில் தைத்து, குறிப்பேட்டில் ஒட்டி, கீழே அதன் பெயரை அழகாக எழுதுவோம். எனக்கு அதில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் என் தங்கையின் பாவாடை ஓரம் பிரிந்தபோது அதைத் தைத்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் தாயார்தான் தைத்தார். தையலின் பெயர் தெரிவது வேறு, தையல் தெரிவது வேறு என்பதை அன்றே நான் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், வேறொரு வட்டாரத்தில் இதே பொறுப்பிலிருந்தபோது, ஒரு பூத்தையல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தேன். என் பள்ளிக் குறிப்பேடு எப்படியோ அப்படியே அதன் பாடத்திட்டமும் அமைந்தது. நாற்பத்தைந்து நாட்களில் நாற்பது தையல்கள்! ஒவ்வொருவர் கையிலும் நாற்பது மாதிரித் துணிகள். பயிற்சி முடிந்ததும் குழுவினர் கடன் பெற்று, பூக்கள் அச்சிட்ட மேசை விரிப்புகளை வாங்கி, அச்சின் மேலேயே வண்ண நூலால் தைத்தார்கள். கண்காட்சியில் அவற்றை வைத்தபோது, வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள், "இதே பூ, இயந்திரத்தில் போட்டது பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கூறியது உண்மை. அது யாரோ வரைந்த பூ. அதே பூவை இயந்திரம் இன்னும் விரைவாகப் போடும்.

அக்குழுவினர் கடனைத் தவறாமல் அடைத்தார்கள். ஆனால் தையலில் கிடைத்த வருவாயால் அன்று. களை எடுத்தும் நூறு நாள் வேலைக்குச் சென்றும் பெற்ற கூலியால். மாதிரித் துணிகள் நாற்பதும் இரும்புப் பெட்டியில் உறங்கின. நானோ அதற்குள் "பயிற்சி வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது" என்று அறிக்கையில் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தேன். அந்தக் கையொப்பம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல், மாதர் சங்கம் என்றால் தையல் வகுப்பு என்பது ஏறத்தாழ ஒரு மரபாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தோன்றிய பின்னரும் அம்மரபு தொடர்ந்தது. வகுப்புகளுக்குக் குறைவில்லை. கற்றவள் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்பதே அரிதாக இருந்தது.

மூதாட்டியின் போர்வை

என் எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய போர்வை. வீடு கட்டும் திட்டப் பணியைப் பார்வையிடச் சென்ற ஊரில், திண்ணையில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் பழஞ்சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, பேத்தியின் குழந்தைக்கு விரிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் யாவும் ஓட்டுத் தையலே. ஆயினும் ஒரு வரிசையில் நூல் தெரிந்த இடத்துக்கு நேர் கீழே, அடுத்த வரிசையில் இடைவெளி. அதற்கும் கீழே மீண்டும் நூல். துணி முழுவதும் செங்கல் சுவரைப் போலக் காட்சியளித்தது.

"பாட்டி, இதை வரைந்து வைத்துக்கொண்டா தைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வரையத் தெரிந்தால் நான் ஏன் அம்மணி தைக்கிறேன்?" என்று சிரித்தார். பிறகு துணியைத் தடவிக் காட்டி, "இடைவெளியெல்லாம் ஒரே நேராக வந்தால் அங்கே துணி பிதுங்கும். மாற்றி மாற்றிப் போட்டால் நாலு மடிப்பும் அடங்கிக் கிடக்கும்" என்றார்.

சகோதரிகளே! அந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்ற பாடம் இதுதான். அந்த அம்மையாருக்கு நாற்பது தையல் தெரியாது. ஒரு தையல் தெரியும். ஆனால் அந்த ஒன்றை எப்படி மாற்றினால் என்ன விளையும் என்பது தெரியும். அழகுக்காக அவர் மாற்றவில்லை, பயனுக்காக மாற்றினார், அழகு தானே வந்து சேர்ந்தது.

கோலத்தில் நீங்கள் நாள்தோறும் செய்வதும் இதுவன்றோ? புள்ளி ஒன்றுதான். நேர்ப்புள்ளியாக வைத்தால் ஒரு கோலம். இடைப்புள்ளியாக வைத்தால் வேறொரு கோலம். புள்ளியைச் சுற்றிக் கம்பியை வளைத்தால் ஒன்று. புள்ளிகளை இணைத்தால் மற்றொன்று. புதிய கோலத்துக்காகப் புதிய புள்ளியை எவரும் தேடுவதில்லை.

மாற்றக் கூடியவை ஐந்து

ஓட்டுத் தையலில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஐந்து இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நீளமும் இடைவெளியும். மேலே தெரியும் நூலும் அடியில் மறையும் நூலும் சம அளவாயிருந்தால் அது புள்ளிக்கோடு. மேலே மூன்று பங்கும் அடியில் இரண்டு பங்குமாக வைத்தால் கோடு சற்று அழுத்தமாகத் தெரியும். ஜப்பானிய உழவரும் மீனவரும் தங்கள் உடைகளைக் கெட்டிப்படுத்தக் கையாண்ட 'சாஷிகோ' தையலில் இவ்வளவே பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. அவுரி நீலத் துணியில் வெண்ணிற நூல், அரிசி மணிகளைப் பரப்பினாற்போல் அமையும். மேலே நீளமாகவும் அடியில் ஓரிழை மட்டுமாகவும் எடுத்தால், துணி மறைந்து நூலே துணியாகிவிடும். பஞ்சாபின் 'புல்காரி' அவ்வகையைச் சார்ந்தது. முறுக்கில்லாப் பட்டு நூலால், கதர்த்துணியின் பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி அங்குள்ள பெண்கள் தைப்பார்கள். ஊசி செல்வது பின்பக்கம். பூ மலர்வது முன்பக்கம்.

இரண்டாவது, வரிசைகளின் உறவு. அடுத்த வரிசையை முதல் வரிசைக்கு நேராக வைத்தால் தூண்கள் போல நிற்கும். பாதி தள்ளி வைத்தால் மூதாட்டியின் செங்கற் சுவர். ஒவ்வொரு வரிசையையும் ஓரிழை மட்டும் தள்ளிக்கொண்டே போனால் சாய்ந்த கோடுகள். சில வரிசை வலப்புறமும் சில வரிசை இடப்புறமும் தள்ளினால் அலை. இதற்குப் புதிய கைத்திறன் ஏதும் வேண்டியதில்லை; எண்ணும் பொறுமை ஒன்றே வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று நம் மாநிலத்திலேயே, நீலகிரியில் இருக்கிறது. தோடர் இனப் பெண்கள் தைக்கும் பூத்துக்குளிப் போர்வையைப் படத்திலேனும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சிறிது மங்கிய வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்கள். வரைபடம் இல்லை, அச்சு இல்லை, சட்டம் இல்லை. துணியின் இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணி, இத்தனை இழைக்கு மேல், இத்தனை இழைக்கு அடியில் என ஊசியை ஓட்டுகிறார்கள். தொலைவிலிருந்து காண்போர் அதைத் தறியில் நெய்த கரை என்றே எண்ணுவர். 2013-ஆம் ஆண்டு இத்தையலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எண்ணிக்கையை மாற்றுவதன்றி அதில் வேறு மாயம் இல்லை. அந்த எண்ணிக்கையைத் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டதே அதன் பெருமை.

மூன்றாவது, திரும்பி வருதல். ஒரு கோட்டின் முடிவுவரை ஓட்டுத் தையலிட்டுச் சென்று, அதே வழியில் திரும்பி, முன்பு விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வந்தால் இடைவெளியற்ற கோடு கிடைக்கும். துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், முடிச்சு இராது. நம் அண்டை மாநிலமான கருநாடகத்தில், தார்வாடு, விசயபுரப் பகுதிகளில் வழங்கும் 'கசூதி' வேலையில் இதற்குக் 'கவந்தி' என்று பெயர். அதே நடையைப் படிக்கட்டுப்போல் மடித்து மடித்துச் செலுத்தினால் 'முர்கி'. நீள நீளமாக எடுத்து நெசவைப்போல் ஆக்கினால் 'நேகி'. குறுக்குத் தையலான 'மெந்தி' ஒன்றைத் தவிர ஏனைய மூன்றும் ஓட்டுத் தையலின் மக்களே. இந்த நடைகளைக் கொண்டு கோபுரம், தேர், துளசி மாடம், யானை, பறவை என அவ்வூர்ப் பெண்கள் இல்கல் சேலைகளில் படைக்காத உருவம் இல்லை. அவை அவர்கள் நாள்தோறும் கண்ட காட்சிகள். இதைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

நான்காவது, இரண்டாம் நூல். முதலில் ஒரு வரிசை ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு வேறு நிறத்து நூலைக் கோத்து, துணியைக் குத்தாமல், மேலே தெரியும் ஒவ்வொரு தையலுக்கும் அடியில் மேலிருந்து கீழாக ஊசியை நுழைத்துக்கொண்டே செல்லுங்கள். இரு நிறக் கயிறு திரித்தாற்போல் ஒரு கோடு எழும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என மாற்றி மாற்றி நுழைத்தால் அலைபோல் வளையும். எதிர்ப்புறத்திலிருந்து மூன்றாவது நூலையும் அவ்வாறே நுழைத்தால், பூச்சரம் தொடுத்தாற்போல் கண்ணிகள் உண்டாகும். ஊசி முனை துணியைக் கிழிக்காமலிருக்க, ஊசியின் காதுப் பக்கத்தை முன்னால் விட்டு நுழைப்பது நல்லது. இவ்வகை வேலை துணியின் மேலே நிற்பதால், அடிக்கடி உரசும் பொருள்களுக்கு ஏற்றதன்று. தலையணை உறையின் நடுவில் போடாமல் ஓரத்தில் போடுங்கள்.

ஐந்தாவது, துணியின் அடுக்கு. ஒற்றைத் துணியில் ஓட்டுத் தையல் ஒரு கோடு மட்டுமே. இரண்டு மூன்று துணிகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டினால், தையல் துணியைச் சற்றே இழுக்க, காற்றடிக்கும் குளத்து நீர்போல மெல்லிய சுருக்கங்கள் தோன்றும். வங்காளத்துக் 'காந்தா'வின் அழகே அச்சுருக்கம்தான். கிழிந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, அங்குள்ள குடியானவப் பெண்கள் அதனைத் தைத்தார்கள். தாமரையும் மீனும் பல்லக்கும் அதில் இடம் பெற்றன. கவிஞர் ஜசீமுதீன் 1929-ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கதைப் பாடல், பூத்தையலிட்ட காந்தா ஒன்றைக் கருவாகக் கொண்டது.

இங்கு ஓர் அலுவலரையும் நினைவுகூர விரும்புகிறேன். இந்திய ஆட்சிப் பணியின் முன்னோடியான ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, வங்காள மாவட்டங்களில் பணியாற்றிய குருசதய் தத் (1882–1941), கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் சென்றபோதெல்லாம் இத்தகைய காந்தாக்களையும் பிற நாட்டுப்புறக் கைவேலைகளையும் தேடிச் சேகரித்தார். அச்சேகரிப்பைக் கொண்டு கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. வீட்டு மூலையில் கிடந்த கந்தலை ஓர் அலுவலர் கலையாகக் கண்டார். நாமோ பல வேளைகளில், வீட்டில் கலை இருப்பதை அறியாமல் அச்சிட்ட பூக்களை விலைக்கு வாங்கிக் கொடுத்தோம்.

உங்கள் துணிகளில் நான் கண்டவை

இனி உங்களிடம் வருகிறேன். பதினோராம் நாளன்று உங்களுக்கு ஒரு சாண் சதுரத் துணியும் இரண்டு நிற நூலும் கொடுத்து, "ஓட்டுத் தையல் ஒன்றை மட்டும் கொண்டு, உங்கள் ஊரில் தினமும் நீங்கள் காணும் எதையேனும் போடுங்கள்" என்று ஆசிரியை பணித்தார். இருபத்து நான்கு துணிகளும் இதோ என் முன்னால் கயிற்றில் தொங்குகின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

ஒருவர் நடவு வயலைப் போட்டிருக்கிறார். வரப்புக்குச் சுற்றிய நூல், நாற்றுக்குக் குறுந்தையல். மற்றொருவர் தென்னை ஓலைக் கீற்றின் பின்னலைச் சாய்வரிசையால் காட்டியிருக்கிறார். கிணற்றுப் படிக்கட்டு ஒன்று, கசூதியைக் கண்டிராத கையிலிருந்து முர்கியாகவே வந்திருக்கிறது. ஒரு துணியில் வெறும் கோடுகள் மட்டுமே. இவை என்ன என்று கேட்டேன். "மழை, அம்மா" என்றார் அச்சகோதரி. நீளத்தை மாற்றி மாற்றி அவர் போட்டிருந்த கோடுகள், தூறலில் தொடங்கிப் பெருமழையில் முடிந்தன. நாற்பது தையல் கற்பித்த என் பழைய பயிற்சியில் இப்படி ஒரு துணியை நான் கண்டதில்லை.

இவற்றை வேறு எவரும் வரைந்து கொடுக்கவில்லை. ஆகவே இவை உங்கள் உடைமை. முன்பு நான் செய்த பிழைக்கு இதுவே மாற்று என்று நம்புகிறேன்.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். இயந்திரத்துக்கு நாம் பகைவர் அல்லர். ஆனால் நம் வீடுகளிலும் தையற்கடைகளிலும் உள்ள சாதாரண இயந்திரம், மேல்நூலையும் பாபின் நூலையும் ஒன்றோடொன்று கோத்து, இடைவெளியில்லாத கோட்டைப் போடுகிறது. ஒரே நூல் துணியில் முழுகி முழுகி எழும் இந்த நடை அதற்கு வராது. இயந்திரம் நன்கு செய்வதை இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். பையின் மூட்டை இயந்திரத்தில் தையுங்கள். அதன் முகத்தைக் கையால் தையுங்கள்.

கைத்தரமும் கணக்கும்

வடிவம் எத்தனை அழகாயிருந்தாலும், முதல் சலவையில் சாயம் இறங்கினால் வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். ஆகவே சில சிறு ஒழுங்குகளை நினைவூட்டுகிறேன். தைப்பதற்கு முன் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது முன்னரே சுருங்கிவிடும். ஒவ்வொரு நிற நூலிலும் சிறு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால் அந்நூலை ஒதுக்கிவிடுங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். நீண்ட நூல் சிக்கும், தேயும். ஒரு வரிசை முடிந்ததும் கட்டை விரலால் நீவிவிடுங்கள். இல்லையேல் துணி கோணும். முடிச்சுக்குப் பதிலாக, நூலின் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் செருகி வெட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் தையுங்கள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஈட்டும் பணம் மருத்துவருக்கே சென்று சேரும்.

அடுத்து, கணக்கு. நம் பெண்கள் கைவேலைக்கு விலை சொல்லும்போது துணியின் விலையையும் நூலின் விலையையும் கூட்டி, அதன்மேல் ஏதோ சிறிது வைத்துச் சொல்கிறார்கள். தங்கள் நேரத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு பைக்குத் துணியும் நூலும் 60 ரூபாய் என்று கொள்வோம். தைக்க 4 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 50 ரூபாய் எனக் குழு முடிவு செய்தால் உழைப்பு 200 ரூபாய். மூட்டுத் தைக்கவும் எடுத்துச் செல்லவும் 20 ரூபாய். ஆக அடக்க விலை 280 ரூபாய். அதை 200 ரூபாய்க்கு விற்றவர், "நூறு ரூபாய்க்கு மேல் கிடைத்தது" என்று மகிழ்கிறார். உண்மையில் அவர் தம் உழைப்பில் 80 ரூபாயைத் தானம் செய்துவிட்டார்!

அப்படியானால் 200 ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டோம் என்போருக்கு என்ன செய்வது? இங்கேதான் தையலை மாற்றத் தெரிந்தவளின் திறமை கை கொடுக்கிறது. அவள் கூலியைக் குறைக்கமாட்டாள், தையலைக் குறைப்பாள். நெருங்கிய வரிசைகளை அகலமாக்குவாள். சுற்றிய நூலை ஓரத்தோடு நிறுத்துவாள். நான்கு மணி வேலையை இரண்டு மணியில் முடித்து, 180 ரூபாய் அடக்கத்தில் வேறொரு அழகிய பையைத் தருவாள். கூடுதலாகக் கொடுக்க மனமுள்ளவருக்கு, நெருக்கமாகத் தைத்த பை காத்திருக்கும். அச்சிட்ட பூவின் மேல் தைப்பவளுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. பூ எவ்வளவோ அவ்வளவையும் அவள் தைத்தே ஆக வேண்டும்.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு முழ நீளத்துக்கு வெறும் ஓட்டுத் தையல், திரும்பி வரும் தையல், சுற்றிய தையல் ஆகிய மூன்றையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியையும் குறிப்பையும் குழுவின் பதிவேட்டோடு வையுங்கள். கடைக்காரரோடு விலை பேசும் நாளில் உங்கள் ஊக்குநர் கையிலும் பிரதிநிதி கையிலும் இருக்க வேண்டிய ஆயுதம் அதுவே.

நான் தரக்கூடிய வாக்கு

இத்தையலால் நாளையே உங்கள் வறுமை தீரும் என்று நான் கூறமாட்டேன். அத்தகைய வாக்குறுதிகளை நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். மாவட்டத் தலைநகரில் நடைபெறவிருக்கும் விற்பனைக் கண்காட்சியில் உங்களுக்கு ஓர் இடம் கேட்டுப் பெற்றிருக்கிறேன். அங்கே என்ன விற்கும், என்ன விற்காது என்பதை நாம் சேர்ந்தே அறியப் போகிறோம். விற்காதது எது என்பதையும் எழுதி வையுங்கள். அதற்கு முன் எவரும் கடன் வாங்க வேண்டாம். இருக்கும் துணியில், இருக்கும் நூலில் தொடங்குங்கள். ஆறு திங்கள் கழித்து நான் மீண்டும் வருவேன். அதன் பிறகே இப்பயிற்சியின் இறுதி அறிக்கையில் கையொப்பமிடுவேன்; நீங்கள் ஈட்டியதும் ஈட்டாததும் உள்ளவாறே அதில் இடம்பெறும்.

உங்கள் ஊர்களில், திண்ணையில் அமர்ந்து பழஞ்சேலை தைக்கும் மூதாட்டிகள் இன்னும் இருப்பார்கள். அவர்கள் அருகில் ஒரு பிற்பகல் அமருங்கள். எத்தனை தையல் தெரியும் என்று அவர்களைக் கேட்காதீர்கள். இந்தத் தையலை ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அந்த விடைகளைத் தரும் பாடநூல் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

சான்றிதழ்களை இப்போது வழங்குவார்கள். அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் கயிற்றில் தொங்கும் இத்துணிகளைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அவை நாளையே ஒரு பையாகவோ, உறையாகவோ, விரிப்பாகவோ மாறட்டும்.